படம் எடுப்பவர் ஏன் சுவருக்குப் பின்னால் நிற்கிறார்?

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அளவுகள் பற்றி மூத்தோருக்கு ஒரு விளக்கம்

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க நீங்கள் போயிருப்பீர்கள். "மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்கள், அம்மா" என்று சொல்லிவிட்டுப் படம் எடுக்கும் ஊழியர் சுவருக்குப் பின்னால் போய்விடுவார். துணைக்கு வந்த மகளையும் வெளியே இருக்கச் சொல்வார். "ஆபத்து இல்லை என்கிறீர்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏன், தம்பி, மறைந்து நிற்கிறீர்கள்?" என்று கேட்கத் தோன்றும்.

இது நியாயமான கேள்வி. இதற்கான பதில் தெரிந்தால், தேவையான ஸ்கேனைப் பயந்து தவிர்க்க மாட்டீர்கள். தேவையில்லாத ஸ்கேனைக் கேட்டு வற்புறுத்தவும் மாட்டீர்கள்.

கதிர்வீச்சை எப்படி அளக்கிறார்கள்?

எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் ஆகியவற்றில் பயன்படுவது அயனியாக்கும் கதிர்வீச்சு. அது உடலை ஊடுருவிச் செல்லும்போது உயிரணுக்களில் உள்ள மரபணுவைச் சிறிது சேதப்படுத்தலாம். பெரும்பாலான சேதத்தை உடல் தானே சரிசெய்துகொள்ளும். எப்போதாவது அது சரியாக நடக்காமல் போனால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வர வாய்ப்புண்டு. எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றில் இந்த வகைக் கதிர்வீச்சு இல்லை.

பாலை லிட்டரில் அளப்பதுபோல, உடல் பெறும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். ஏறக்குறைய அளவுகள் இவை:

• பல் எக்ஸ்ரே: 0.005
• நெஞ்சு எக்ஸ்ரே: 0.1 அல்லது அதற்கும் குறைவு
• மார்பக எக்ஸ்ரே (மேமோகிராம்): 0.4
• தலை சிடி ஸ்கேன்: 2
• வயிறு சிடி ஸ்கேன்: 8 முதல் 10 வரை

மண், காற்று, உணவு, வானம் ஆகியவற்றிலிருந்து இயற்கையாகவே நம் எல்லாருக்கும் கதிர்வீச்சு கிடைக்கிறது. அதன் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆகவே, நெஞ்சு எக்ஸ்ரே என்பது சில நாள்களில் இயற்கை தரும் அளவே. வயிறு சிடி ஸ்கேனோ மூன்று, நான்கு ஆண்டுகளில் இயற்கை தரும் அளவு. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

பாதுகாப்பு அளவு எப்படிக் குறைந்து வந்தது?

ஜெர்மனியில் ரோண்ட்கன் 1895ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோது அதன் தீங்கு யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்ரே கருவிகளைத் தம் கைகளை வைத்தே சோதித்துப் பார்த்து வந்தார். கைகள் புண்ணாகி, வெட்டி எடுக்கப்பட்ட பிறகும் நோய் நிற்கவில்லை. 1904ல் அவர் இறந்தார். அதன் பிறகும்கூட, 1920களிலிருந்து 1950கள் வரை மேலை நாடுகளின் காலணிக் கடைகளில், பிள்ளைகளின் கால் அளவு பார்க்க எக்ஸ்ரே பெட்டிகள் இருந்தன.

1928ல் ஸ்டாக்ஹோமில் கூடிய மருத்துவர்கள், இன்று அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் என்று அழைக்கப்படும் அமைப்பைத் தொடங்கினர். 1934ல் அது ஊழியர்களுக்கு ஓர் உச்ச அளவைச் சொன்னது. இன்றைய கணக்கில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லிசீவர்ட். 1950களில் அது 50 ஆகக் குறைந்தது. 1990ல் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 ஆனது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மட்டுமே.

இந்த மாற்றங்களுக்குப் பெரிய காரணம் ஹிரோஷிமா, நாகசாகி மக்கள். 1950 முதல் அந்த நகரங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 120,000 பேரின் உடல்நலம் தொடர்ந்து கவனிக்கப்பட்டு வருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, கதிர்வீச்சினால் வரும் புற்றுநோய் முன்பு நினைத்ததைவிட அதிகம் என்று தெரியவந்தது. வரம்பும் இறங்கியது. நாம் இன்று பெறும் பாதுகாப்பு அவர்கள் பட்ட துன்பத்திலிருந்து வந்தது.

நிபுணர்கள் இன்னும் எதை விவாதிக்கிறார்கள்?

ஏறக்குறைய 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போனால் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பதில்தான் விவாதம்.

ஒரு தரப்பு சொல்வது: அளவு பாதியானால் ஆபத்தும் பாதியாகும், எவ்வளவு குறைந்தாலும் முற்றிலும் இல்லாமல் போகாது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2006ஆம் ஆண்டு அறிக்கை இந்தக் கருத்தை ஆதரித்தது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 300,000க்கும் மேற்பட்ட அணுசக்தி ஊழியர்களிடம் நடத்திய ஆய்வும் இதற்கு வலுச் சேர்த்தது.

மறு தரப்பு சொல்வது: சிறிய அளவுகளை உடல் சமாளித்துவிடும், இந்தக் கணக்கு ஆபத்தைப் பெரிதுபடுத்துகிறது. பிரான்ஸின் அறிவியல் கழகமும் மருத்துவக் கழகமும் 2005ல் இப்படிச் சொல்லின. கேரளாவின் கருநாகப்பள்ளி கடற்கரை மணலில் தோரியம் உள்ளது. அங்கே சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். அங்கு வாழும் ஏறக்குறைய 70,000 பேரைக் கவனித்து 2009ல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சினால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இரு தரப்பிலும் கற்றறிந்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு ஏன் கடுமையான கணக்கையே பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கிறார்கள்? மழை வருமா வராதா என்று தெரியாத நாளில் குடையை எடுத்துக்கொண்டு போவதைப் போன்றதுதான் இது. தவறாகப் போனாலும் இழப்பு குறைவு.

ஆனால் குடையைப் பார்த்துவிட்டு, "புயல் வருகிறது" என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. அந்தக் கடுமையான கணக்கின்படியே பார்த்தாலும், 1,000 பேருக்கு 10 மில்லிசீவர்ட் கொடுத்தால் அவர்களில் ஒருவருக்கு அதனால் புற்றுநோய் வரலாம். அதே 1,000 பேரில் ஏறக்குறைய 420 பேருக்கு வேறு காரணங்களால் வாழ்நாளில் புற்றுநோய் வரும். புற்றுநோய் உருவாகப் பல ஆண்டுகள் ஆவதால், மூத்தோருக்கு இந்த வாய்ப்பு இளையரைவிடப் பொதுவாகக் குறைவு.

சரி, சுவருக்குப் பின்னால் ஏன்?

உங்களுக்கு ஆண்டில் ஒரு எக்ஸ்ரே, இரண்டு எக்ஸ்ரே. அந்த ஊழியருக்கோ ஒரே நாளில் பல பேர். ஒவ்வொரு முறையும் உங்கள் பக்கத்தில் நின்றால், சிறு துளிகள் சேர்ந்து ஆண்டு முடிவில் பெரிய அளவாகிவிடும். அவர் பெறும் கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் ஒரு சிறிய அட்டை அணிந்திருப்பதையும் நீங்கள் கவனித்திருக்கலாம்.

இன்னொரு காரணம், பலன். படத்தினால் உங்களுக்குச் சிகிச்சை கிடைக்கிறது. அவருக்கோ உங்கள் மகளுக்கோ அதனால் உடல்நலப் பலன் எதுவும் இல்லை. பலன் இல்லாதவருக்குச் சிறிய அளவும் வேண்டாம் என்பதே விதி.

ஊழியர்களுக்கும் பொதுமக்களுக்கும் உச்ச வரம்பு உண்டு, நோயாளிகளுக்கு இல்லை. இதைக் கேட்டு அதிர்ச்சி அடைய வேண்டாம். மூளையில் இரத்தக் கசிவு என்று சந்தேகிக்கப்படும் ஒருவரிடம், "இந்த ஆண்டு உங்கள் அளவு முடிந்துவிட்டது" என்று சொல்லிச் சிடி ஸ்கேனை மறுக்க முடியுமா? அதனால் நோயாளிக்கு எண்ணுக்குப் பதிலாக இரண்டு கேள்விகள் வைக்கப்பட்டுள்ளன. இந்தப் படம் உண்மையிலேயே தேவையா? தேவை என்றால், தெளிவான படம் கிடைக்கும் மிகக் குறைந்த அளவு எது?

சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், எக்ஸ்ரே கருவிகளுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும்.

ஈயக் கவசத்தைக் காணோமே?

முன்பெல்லாம் இடுப்பில் கனமான ஈயக் கவசத்தைப் போர்த்துவார்கள். இப்போது பல இடங்களில் அது இல்லை. இது கவனக்குறைவு அல்ல. இன்றைய கருவிகள் முன்பைவிட மிகக் குறைந்த கதிர்வீச்சையே பயன்படுத்துகின்றன. உடலுக்குள்ளேயே சிதறும் கதிரை வெளியே போர்த்தும் கவசம் தடுக்காது. அது நகர்ந்து படத்தை மறைத்துவிட்டால், மறுபடியும் எடுக்க வேண்டிவரும். அதனால் 2019ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அந்த வழக்கத்தை நிறுத்தப் பரிந்துரைத்தது. விவாதம் நடப்பதால்தான் இத்தகைய திருத்தங்கள் வருகின்றன.

நீங்கள் செய்யக்கூடியவை

1. மருத்துவரிடம் கேளுங்கள்: "இந்தப் படத்தால் என் சிகிச்சை மாறுமா? அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ போதுமா?" கேட்பது உங்கள் உரிமை. மருத்துவர் தவறாக நினைக்க மாட்டார்.

2. முன்பு எடுத்த ஸ்கேன்களைப் பற்றிச் சொல்லுங்கள். எந்த மாதம், எந்த மருத்துவமனை என்று ஒரு தாளில் எழுதி, மருந்துப் பட்டியலுடன் வைத்திருங்கள். வெளிநாட்டில் எடுத்திருந்தால் அதன் படங்களையும் அறிக்கையையும் கொண்டுவாருங்கள். மறுபடி எடுக்கும் தேவை குறையலாம்.

3. நோய் அறிகுறி எதுவும் இல்லாமல், "எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்" என்று முழு உடல் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டாம். முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

4. படம் எடுக்கும்போது அசையாமல் இருங்கள். நீண்ட நேரம் படுக்கவோ மூச்சை நிறுத்தவோ சிரமம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

5. எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் முடிந்ததும் உடலில் கதிர்வீச்சு தங்காது. பேரப்பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கலாம். தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் எடுத்துக்கொண்டவர்களுக்கு இது வேறு. மருத்துவமனை சொல்லும் நாள்கள்வரை சிறு பிள்ளைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருங்கள்.

6. முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், கடுமையான நெஞ்சுவலி ஆகியவை வந்தால் கதிர்வீச்சைப் பற்றி யோசிக்காதீர்கள். உடனே 995ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் தாமதமே பெரிய ஆபத்து.

நினைவில் கொள்ளுங்கள்

எவ்வளவு சிறிய அளவு தீங்கு செய்யும் என்று நிபுணர்கள் இன்னும் விவாதிக்கலாம். தேவையுள்ள படத்தைத் தள்ளிப்போடக் கூடாது, தேவையில்லாத படத்தை எடுக்கக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் ஒரே கருத்துதான். அடுத்த முறை ஊழியர் சுவருக்குப் பின்னால் போகும்போது, அவர் தம் ஆண்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார் என்று எண்ணி, நிதானமாக மூச்சை இழுத்து நிறுத்துங்கள்.