கடல் கடந்த கல்யாணமும் ஒரு காகிதமும்



ஆலயத்தின் ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் விரத மகிமையைப் பற்றியோ விளக்கு வழிபாட்டைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் எண்ணினேன். ஆனால் இவ்வாண்டில் மட்டும் நான்கு குடும்பத்தார் ஆலய அலுவலகத்துக்கு வந்து, "ஐயா, பிள்ளையின் கல்யாணத்தைத் தமிழ்நாட்டுக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம், என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்கள். நால்வருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன். இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

வெளியூரில் போய்த் திருமணம் செய்வது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த ஆடம்பரம் என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது சரியன்று. திருப்பரங்குன்றத்தில் பங்குனித் திருவிழாவின்போது முருகப்பெருமானுக்கும் தெய்வானை அம்மைக்கும் திருக்கல்யாணம் நடைபெறுகிறது. அதற்கு மாப்பிள்ளையின் தாய் தந்தையராக மீனாட்சியம்மையும் சொக்கநாதரும் மதுரையிலிருந்து எழுந்தருளுகிறார்கள். அடுத்து சித்திரையில் மீனாட்சி கல்யாணம். அதற்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் தெய்வானையுடன் மதுரைக்கு வருகிறார். பவளக்கனிவாய்ப் பெருமாளும் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க வருகிறார். சுவாமிகளே ஊர் விட்டு ஊர் போய்க் கல்யாணம் பார்க்கும்போது நாம் போகக் கூடாதா?

நம் முன்னோர்களும் போனவர்கள்தாம். தோட்டத்தில் வேலை செய்து நாலு காசு சேர்த்ததும் பினாங்கிலிருந்து 'ரஜுலா' கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, சொந்த ஊரில் பெண் பார்த்துத் தாலி கட்டி அழைத்து வந்தவர்கள் நம்மிடையே ஏராளம். அந்தக் கப்பல் 1973இல் ஓய்வு பெற்றது. பின்னர் 'சிதம்பரம்' கப்பல் ஓடி, 1985இல் அதில் தீ விபத்து நேர்ந்ததோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிந்தது. இப்போது விமானம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இடங்களுக்கும் குறைவில்லை. குத்தாலத்துக்கு அருகேயுள்ள திருமணஞ்சேரியில் வேண்டிக்கொண்டு திருமணம் கூடியவர்கள் நம் ஆலயத்து அன்பர்களிலேயே உண்டு. கேரளத்தின் குருவாயூரில் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் 350க்கும் மேற்பட்ட திருமணங்கள் முன்பதிவாயின. ஒரு ஜோடிக்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். வடக்கே உத்தராகண்டில், சிவபெருமானுக்கும் பார்வதிக்கும் திருமணம் நடந்த இடமென்று போற்றப்படும் திரியுகி நாராயணர் ஆலயத்தில், அணையாத அக்கினியின் முன் திருமணம் செய்து கொள்ள இப்போது பலரும் போகிறார்கள். மலைக்குளிர் தாங்கும் பாட்டிமார்கள் நம் வீடுகளில் உண்டா என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, போவதில் குற்றமில்லை. போகுமுன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் போவதுதான் குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்தவன் நானே.

என் தங்கை மகனுக்கு 2014ஆம் ஆண்டு தை மாதம் தமிழ்நாட்டில், அவர்கள் குலதெய்வம் இருக்கும் கிராமத்துக் கோயிலில் திருமணம் நடந்தது. பெண் அந்தப் பக்கத்துப் பெண், நல்ல குடும்பம். தாய்மாமன் என்ற முறையில் மாலை போட்டுச் சீர்த்தட்டு ஏந்தியவன் நான். மண்டபம், சமையல், ஓதுவார், நாதஸ்வரம் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. ஊருக்குத் திரும்பும் நாளன்று தங்கை மகன் ஒரு உறையை என்னிடம் நீட்டி, "மாமா, கோயில் ரசீதெல்லாம் உங்ககிட்டேயே இருக்கட்டும், நீங்கதான் பத்திரமா வைப்பீங்க" என்றான். பத்திரமாகத்தான் வைத்தேன். பூஜை அறை அலமாரியில், பஞ்சாங்கத்துக்கு அடியில். பதிவு என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம், "ரசீது இருக்கிறதே, மெதுவாகப் பார்க்கலாம்" என்று சொன்னவனும் நானே. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதியவன் சொன்ன வார்த்தை அது.

2015ஆம் ஆண்டு இறுதியில் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பைப் பதியப் போனபோது பெற்றோரின் திருமணச் சான்றிதழைக் கேட்டார்கள். கோயில் ரசீதைக் காட்டினோம். அது கோயிலுக்குக் கட்டணம் செலுத்தியதற்குச் சான்று. திருமணத்துக்குச் சான்று அன்று. குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை என்ற இடத்தில் 'புக்கான் வார்காநெகாரா' என்று அச்சாகி வந்தது. தகப்பன் இந்த மண்ணில் பிறந்தவன். குழந்தையும் இந்த மண்ணில்தான் பிறந்தது. ஆயினும் குடியுரிமை இல்லாதவள்.

எப்படி இப்படி ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். நம் நாட்டு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் ஒரு விதி இருக்கிறது. பெற்றோருக்கிடையே சட்டப்படியான திருமணம் இல்லாதபோது பிறந்த குழந்தைக்கு, 'தந்தை' என்று சொல்லப்படும் இடத்தில் தாயையே கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். தாய் மலேசியராக இருந்தால் சிக்கல் இல்லை. தாய் வெளிநாட்டவர் என்றால் குழந்தை அவர் வழியிலேயே போய்விடும்.

தமிழ்நாட்டில் பதியலாம் என்று ஓடினோம். அங்கே 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்; கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள். இரண்டும் எப்போதோ கடந்திருந்தன. கடைசியில் 2016இல் இங்கேயே பதிவதிகாரி முன்னிலையில் இருவரும் புதிதாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஆகவே அரசாங்கக் காகிதத்தின்படி அவர்கள் கல்யாணம் மகள் பிறந்த பிறகு நடந்தது. நாங்கள் நூற்றைம்பது பேர் அட்சதை தூவிய அந்தத் தை மாதத்துக் காலைப் பொழுது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பின்னால் நடந்த திருமணம் முன்னால் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தருமா என்ற கேள்வி கூட்டரசு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வேறொரு குடும்பத்தின் வழக்கு அது. தந்தை மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர், பிள்ளை 2010இல் அங்கே பிறந்தவன். பெற்றோரின் திருமணம் அதன் பிறகே. 2021ஆம் ஆண்டு மே மாதம் நீதிபதிகள் நால்வர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பு பிள்ளைக்குச் சாதகமாக இல்லை. அதைச் செய்தித்தாளில் படித்த அன்று என் தங்கை என்னிடம் பேசவில்லை.

இப்போது முறையைச் சொல்கிறேன். முஸ்லிம் அல்லாதோர் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன் சமய முறைப்படி முறையாக நடந்த திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்படும் என்று அச்சட்டமே சொல்கிறது. ஆகையால் கப்பலில் போய்த் தாலி கட்டிய உங்கள் பாட்டனார் எந்த அலுவலகத்துக்கும் போகாமல் நிம்மதியாக இருந்தார். "அப்பா காலத்தில் யார் பதிந்தார்கள்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. அந்தக் காலம் 1982 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது.

மணமக்கள் இருவரும் மலேசியராக இருந்தால் வழி மிக எளிது. இங்கேயே தேசியப் பதிவுத் துறையில் முதலில் பதிந்துவிடுங்கள். பிறகு எந்த ஊர்க் கோயிலில் வேண்டுமானாலும் தாலி கட்டுங்கள். விண்ணப்பம் கொடுத்தபின் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. அதைக் கணக்கில் வைத்து, பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. "நல்ல நாள் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட நாளே கல்யாண நாளாகிவிடுமே" என்று மாமியார்கள் வருந்துவது உண்டு. பதிவு நாளையும் நல்ல நாளாகப் பார்த்தால் தீர்ந்தது.

ஒருவர் வெளிநாட்டவராக இருந்தால் கவனம் இரு மடங்கு வேண்டும். அங்கே எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அலுவலகத்தில் பதிவு என்பதை மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழியே செல்வதென்றால், இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். அதன் பின் அறிவிப்புக்கு இன்னும் 30 நாள். பத்து நாள் விடுப்பில் போகிறவருக்கு அது ஆகாத காரியம். வெளிநாட்டில் நடந்த திருமணத்தை நம் தூதரகத்திலோ, நாடு திரும்பியபின் இங்கேயோ பதிந்தாக வேண்டும். சென்னையில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆறு மாதக் கெடு. அதைத் தாலி கட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

கெலாங் பாத்தாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1998இல் இரண்டாவது இணைப்புப் பாலம் திறந்தது முதல், துவாஸ் பக்கம் வேலைக்குப் போய்வருவது நம் பிள்ளைகளுக்கு அடுத்த தெருவுக்குப் போய்வருவது போலாகிவிட்டது. சிங்கப்பூர்ப் பெண்ணையோ மாப்பிள்ளையையோ மணந்து அங்கேயே பதிந்துகொள்கிறார்கள். அதுவும் வெளிநாட்டுத் திருமணமே. அரை மணி நேரத்தில் வீடு வந்துவிட்டதால் அது உள்ளூர்த் திருமணம் ஆகிவிடாது. ஆறு மாதக் கெடு அதற்கும் உண்டு.

காகிதங்களில் பெயர் எழுத்துகளைச் சரிபாருங்கள். நம் கடப்பிதழில் தகப்பனார் பெயருக்கு முன் 'ஆ/லெ', 'ஆ/பெ' என்று இருக்கும். அங்கே தலைப்பெழுத்து முறை. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் வேறொரு எழுத்து என்று இருந்தால் அங்கே நாள் கணக்கில் அலைய வேண்டி வரும். திருமணமாகாதவர் என்பதற்கான அத்தாட்சியை இங்கிருந்தே பெற்றுச் செல்லுங்கள். அழைப்பிதழில் நான்கைந்து பிரதிகளைத் தனியே எடுத்து வையுங்கள்; சார்பதிவாளர் அலுவலகத்தில் அதையும் கேட்பார்கள்.

முகூர்த்தம் பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள பஞ்சாங்கத்தைப் பார்த்து அங்கே நேரம் குறிக்காதீர்கள். நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கழித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். லக்கினம் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை ஒட்டியது. திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9 வரை என்று நாம் மனப்பாடமாகச் சொல்வதே சூரியன் 6 மணிக்கு உதிக்கும் கணக்கில்தான். நம் ஜோகூரிலோ உதயம் ஏறத்தாழ 7 மணிக்கு. அந்த ஊர்க் குருக்களிடமே நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

திருமாங்கல்யத்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வைக்க வேண்டாம். நான் கண்ட ஒரு கல்யாணத்தில் பெட்டி மறுநாள் வந்தது. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டி முகூர்த்தத்தை நிறைவேற்றினார்கள். சாஸ்திரப்படி அதுவும் நிறைவான தாலியே. ஆனால் மணப்பெண் அழுதுவிட்டாள்.

என் தங்கையின் பேத்தி இப்போது தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். தேவாரப் போட்டியில் சென்ற ஆண்டு நம் ஆலயத்தில் பரிசு வாங்கியவள் அவள்தான். உபயதாரர்கள் பலர் கைதட்டினீர்கள். அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் அவளுக்காக விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். முதல் விண்ணப்பத்துக்கு மறுப்பு வந்தது. மறுப்புக் கடிதத்தில் காரணம் குறிப்பிடப்படவில்லை. இரண்டாவது விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. பள்ளியிலிருந்து ஏதேனும் பாரம் வந்தால், குடியுரிமை என்ற கட்டத்தை மட்டும் நிரப்பாமல் தாத்தாவிடம் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் கேட்டுக்கொண்டபடி, நம் ஆலய மண்டபத்தில் திருமணத்துக்கு நாள் பதிவு செய்ய வருபவர்களிடம் பதிவு விண்ணப்பத்தின் நகலைப் பெற்ற பிறகே தேதியை உறுதி செய்வது என்று நிர்வாகம் முடிவு செய்துள்ளது. வெளியூரில் திருமணம் வைப்பவர்களும், நம் ஆலயத்தில் அன்று அன்னதான உபயம் மட்டும் செய்தாலும், ஒருமுறை என்னை வந்து பாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூஜைக்குப் பின் அலுவலக அறையில் இருப்பேன். இருவரின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கடப்பிதழ் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு வாருங்கள். எழுத்துப் பிழை பார்க்க என் மூக்குக் கண்ணாடி தயாராக இருக்கிறது.