கடைமடைக்கும் உதவி சேர: எட்டாம் வகுப்பில் ஒரு செயல்பாடு

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் பெண்களின் நிலை பற்றிய பாடத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் வருகிறார். தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூவலூர் தூரத்து ஊர் அல்ல. மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினால் போய்விடலாம். அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் பல்லாண்டுகள் போராடிய பிறகே 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது என்று சொல்லி முடித்தேன். ஒரு மாணவி எழுந்தாள். "சட்டம் வந்தா அடி நின்னுடுமா டீச்சர்?"

அவள் கேட்டது 1947-ஐப் பற்றி அல்ல என்பது எனக்கும் வகுப்புக்கும் புரிந்தது.

எனக்கு ஒரு பழைய தவறு நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் தூங்கி வழிந்த மாணவனை விசாரித்தேன். இரவெல்லாம் வீட்டில் சண்டை, அம்மாவுக்கு அடி என்றான். நல்லது செய்வதாக நினைத்து அப்பாவை வரவழைத்துப் புத்திமதி சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதற்காக அன்றிரவு அம்மாவுக்கும் மகனுக்கும் சேர்த்து அடி விழுந்ததைப் பிறகுதான் அறிந்தேன். தனி ஆளாகப் பஞ்சாயத்து பண்ணக் கூடாது என்பதை அந்தப் பையன் முதுகைக் கொடுத்து எனக்குக் கற்றுக்கொடுத்தான்.

எனவே அடுத்த இரண்டு பாடவேளைகளில் வேறொன்று செய்தோம். கரும்பலகையின் கீழ் மூலையில் ஒரு வீடு வரைந்தேன். "இந்த வீட்டில் ஒரு பெண் அடி வாங்குகிறார். யாரிடம் போவார்?" பாட்டி, மாமா, நாட்டாமை, மகளிர் குழு என்று பதில்கள் வந்தன. எல்லாவற்றையும் எழுதினேன், எதையும் அழிக்கவில்லை. பிறகு மேலிருந்து ஒரு வாய்க்கால் வரைந்து, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் ஏற்படுத்திய அமைப்புகளையும் அவற்றோடு சேர்ந்து இயங்குபவற்றையும் மடைகளாகக் குறித்தோம். 24 மணி நேரமும் இயங்கும் 181 உதவி எண். சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர். அடைக்கலமும் மருத்துவ உதவியும் ஆலோசனையும் ஓரிடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையம். பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு. முடிவில் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். அங்கே மனு கொடுத்தால் பொதுவாக 3 நாளுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். 60 நாளில் முடிக்க முயல வேண்டும். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவரை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிடலாம்.

"நடுவுல ஒரு மடை அடைச்சுக்கிட்டா?" என்றான் ஒருவன். கடைமடை காயும் என்று வகுப்பே பதில் சொன்னது. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி வந்தும் வயலுக்கு வராமல் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எது வன்முறை என்ற கலந்துரையாடல்தான் நீண்டது. அடிப்பது என்று உடனே சொன்னார்கள். அம்மாவின் நடவுக் கூலியைப் பிடுங்கிக்கொள்வதும், நூறு நாள் வேலைப் பணம் வரும் பாஸ்புக்கைப் பறித்து வைத்துக்கொள்வதும்? "அது குடும்பச் செலவுதானே" என்றனர் பையன்கள். பெண்கள் சிலர் பேசவில்லை, தலை குனிந்திருந்தார்கள். உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என நான்கு வகையையும் சட்டம் வன்முறையாகவே கொள்கிறது என்று படித்துக் காட்டினேன். ஒரு மாணவன் நோட்டை மூடி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தான்.

மாணவியின் கேள்விக்கும் அப்போதுதான் பதில் சொன்னேன்: தானாக நிற்காது. இந்தச் சட்டமே தானாக வந்ததல்ல. நாடெங்கும் மாதர் அமைப்புகளும் லாயர்ஸ் கலெக்டிவ் போன்ற வழக்கறிஞர் குழுக்களும் ஆண்டுக்கணக்கில் கேட்ட பிறகே வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆசிரியர்களுக்கு இரண்டு செய்திகள். பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொல்பவர் மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் அந்தத் தாயிடம் தனியே பேசி, அவர் சம்மதத்தோடு செய்வதே அவருக்குப் பாதுகாப்பு. குழந்தைக்கே பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் கதை வேறு: போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், 1098-ஐயும் அழைக்கலாம்.

வகுப்பில் யாரையும் "உன் வீட்டில் எப்படி?" என்று கேட்காதீர்கள். கரும்பலகையில் உள்ள வீடு எல்லோருக்கும் பொதுவானதாகவே இருக்கட்டும். பாதுகாப்பு அலுவலரின் எண்ணை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, ஒருமுறை நீங்களே அழைத்துப் பார்த்துவிட்டு எழுதிப் போடுங்கள். நான் முதலில் எழுதிப் போட்ட எண் மாறிப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது அந்த மாணவிதான்.