சுவரில் ஒரு ஈப்புலி

திருவனந்தபுரம் நகரில் சாலைக் கடைத்தெரு இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அந்தத் தெருவின் பக்கத்தில் ஒரு வீடு.

மாலை நேரம். கைக்குழந்தை தொட்டிலில் தூங்கியது. தொட்டிலுக்கு மேலே, சுவரில் ஒரு எட்டுக்கால் பூச்சி. மருமகள் பயந்து போனாள். பூச்சி மருந்து டப்பாவை எடுத்தாள்.

"மருந்து அடிக்காதே, மோளே!" என்றார் மாமியார்.

"இது கடித்தால் உடம்பெல்லாம் புண் வருமாமே, அத்தை?"

"இந்தப் பூச்சியால் அப்படி வராது. ஆனால் அந்த மருந்து பூச்சிக்கு மட்டுமா விஷம்? குழந்தைக்கும் விஷம்தானே? கொஞ்சம் பொறு. அது என்ன செய்கிறது, பார்."

இருவரும் பார்த்தார்கள். சுவரில் ஒரு கொசு உட்கார்ந்தது. எட்டுக்கால் பூச்சி மெல்லத் திரும்பியது. பதுங்கிப் பதுங்கி நடந்தது. ஒரே தாவல்! கொசு அதன் வாயில். பூச்சி கீழே விழவில்லை. மெல்லிய நூலில் தொங்கியது. மறுபடி சுவரில் ஏறியது.

"இதுதான் ஈப்புலி. ஈயையும் கொசுவையும் புலி போலப் பாய்ந்து பிடிக்கும்" என்றார் மாமியார்.

ஈப்புலியைத் தெரிந்து கொள்வோம்

ஈப்புலி சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. இதற்கு 8 கால்கள், 8 கண்கள். முன்பக்கம் உள்ள 2 கண்கள் மிகப் பெரியவை. அதனால் பார்வை கூர்மை.

ஈப்புலிகளில் பல வகை உண்டு. வீட்டுச் சுவர்களில் அடிக்கடி காணும் ஒரு வகைக்கு அறிவியல் பெயர் உண்டு. பிளெக்சிப்பஸ் பேக்குல்லி என்பது அந்தப் பெயர். இதன் நீளம் சுமார் 1 சென்டிமீட்டர். ஆண் கறுப்பாக, வெள்ளைக் கோடுகளுடன் இருக்கும். பெண் பழுப்பு நிறம். உலகில் வெப்பமான நாடுகள் பலவற்றிலும் இது வாழ்கிறது.

ஈப்புலி இரை பிடிக்க வலை பின்னாது. தாவும் முன் நூலைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்த நூல் அதற்குப் பாதுகாப்புக் கயிறு. மூலை முடுக்கில் நூலால் சிறு கூடு கட்டி முட்டையிடும். தாய் காவல் இருக்கும்.

ஈப்புலி மனிதரைத் தேடி வந்து கடிப்பதில்லை. நசுக்கினால் கடிக்கலாம். அதன் விஷம் நமக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் எந்தச் சிலந்தியையும் கையால் பிடிக்க வேண்டாம். தம்ளரால் மூடுங்கள். அடியில் ஓர் அட்டையைச் செருகுங்கள். வெளியே கொண்டு போய் விடுங்கள்.

தோலில் வரும் புண்ணுக்குக் காரணங்கள் பல. புண் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் வேலையும் உண்டு

ஈப்புலி மட்டும் கொசுவை ஒழித்துவிட முடியாது. டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் கொசு, தேங்கிய நல்ல நீரில் முட்டையிடும். வாரம் ஒரு முறை அந்த நீரைக் கொட்ட வேண்டும்.

மருமகள் மருந்து டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள். மறுநாள் காலை முற்றத்துக்குப் போனாள். சிரட்டைகளில் மழைநீர் நின்றது. எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தாள்.

பதில் சொல்லுங்கள்

1. ஈப்புலிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது?
2. மாமியார் மருந்து அடிக்க வேண்டாம் என்றது ஏன்?
3. உங்கள் வீட்டைச் சுற்றி எங்கெல்லாம் நீர் தேங்கியுள்ளது? பார்த்து எழுதுங்கள்.