வாட்ஸ்அப்பில் வந்த புத்தகத்தைப் பகிரலாமா? மூன்று சோதனைகள்

கயத்தாறு போன்ற ஊரில் இலக்கியப் புத்தகம் வேண்டும் என்றால் கோவில்பட்டிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏற வேண்டும். அதனால் நாவல் ஒன்று பிடிஎஃப் கோப்பாக செல்போனுக்கே வந்துவிட்டால் நமக்குக் கொண்டாட்டம். பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணனின் புத்தகங்கள்கூட இப்படி என் வாட்ஸ்அப் குழுக்களில் வந்திருக்கின்றன. 'எல்லாரும் படிக்கட்டுமே' என்பது ஒரு கட்சி. 'எழுதியவர் வயிற்றில் அடிக்காதீர்கள்' என்பது மறு கட்சி. கோப்பை அடுத்தவருக்கு அனுப்பும் முன் நான் செய்யும் மூன்று சோதனைகளை இங்கே தருகிறேன்.

சோதனை 1: ஆண்டுக் கணக்கு

1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுடன் 60ஐக் கூட்டுங்கள். வரும் ஆண்டின் டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. முன்பு இது 50 ஆண்டுகளாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியும் கட்டத்தில், 1992இல் 60 ஆக உயர்த்தினார்கள். புதுமைப்பித்தன் இறந்தது 1948. அதனால் 2008உடன் கணக்கு முடிந்தது. கி.ரா. மறைந்தது 2021. பொது விதிப்படி 2081 வரை உரிமை உண்டு.

ஒரு எச்சரிக்கை: பழைய கதைக்கு உரிமை முடிந்திருந்தாலும், புதிய பதிப்பில் உள்ள முன்னுரை, குறிப்புகள், அட்டைப்படம் ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு.

சோதனை 2: நாட்டுடைமைப் பட்டியல்

தமிழக அரசு ஒருவரது நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டால், 60 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம். யாரும் அச்சிடலாம், பகிரலாம். பாரதியார் நூல்களின் உரிமையை 1949இல் அரசு பெற்றது. பின்னர் அவை இப்படிப் பொதுவாயின. 2024இல் கலைஞர் மு.கருணாநிதியின் நூல்கள் பரிவுத்தொகை இல்லாமலே நாட்டுடைமை ஆயின. வாரிசுகள் மறுத்ததும் உண்டு. 2009இல் கண்ணதாசன், சுந்தர ராமசாமி குடும்பத்தினர் அரசின் அறிவிப்பை ஏற்கவில்லை. அரசு தரும் தொகை ஒரே முறைதான், ராயல்டியோ விற்கும் வரை வரும் என்பதை நினைத்தால் அவர்கள் பக்க நியாயமும் புரியும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமை நூல்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஆசிரியர் பெயரை அங்கே தேடிப் பாருங்கள்.

சோதனை 3: உரிமைப் பக்கம்

கோப்பைத் திறந்து முதல் நான்கைந்து பக்கங்களைப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று இருந்தால், அதில் சொன்ன நிபந்தனைப்படி பகிரலாம். 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இப்படிப்பட்ட நூல்கள் கிடைக்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் ஏராளம். பதிப்பகத்தின் உரிமைக் குறிப்பு இருந்து, முதல் இரண்டு சோதனையிலும் தேறாவிட்டால் அனுப்பாதீர்கள். உரிமைப் பக்கத்தையே காணோம் என்றால் இன்னும் கவனமாக இருங்கள். தெரிந்தே உரிமை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

எழுத்து குப்பையாக வந்தால்?

முறையாகக் கிடைத்த பழைய மின்னூலிலிருந்து ஒரு பத்தியை காப்பி செய்து வேர்டில் பேஸ்ட் செய்தால், சில சமயம் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. யுனிகோட் பரவும் முன் வந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகள், குறிகள் ஆகியவற்றின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தன. அடோப் ரீடரில் ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ் சென்று ஃபான்ட்ஸ் பகுதியைத் திறந்தால் எழுத்துருவின் பெயர் தெரியும். அது டாப், டாம், டிஸ்கி, பாமினி என எந்த வகை என்று அறிந்து, எழுத்துரு மாற்றி மென்பொருளில் அதைத் தேர்வு செய்து யுனிகோடுக்கு மாற்றுங்கள்.

ஸ்கேன் செய்த பக்கம் என்றால் எழுத்துரு மாற்றி உதவாது. கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். அதன் மேல் வலது க்ளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்தில் உள்ள தமிழ் எழுத்தாக மாறும். பிழைகள் இருக்கும், மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

200 ரூபாய் புத்தகத்துக்கு 10 சதவீத ராயல்டி என்றால் எழுதியவருக்கு 20 ரூபாய். நூறு பேர் உள்ள குழுவில் பத்துப் பேர் வாங்கியிருக்கக்கூடும் என்றாலும், ஒரே ஃபார்வர்டில் போவது 200 ரூபாய். தேறாத கோப்பு கைக்கு வந்தால், புத்தகத்தின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் மட்டும் குழுவில் எழுதுங்கள். வேண்டியவர் வாங்கிக்கொள்வார்.