ஸலாம் கொடுக்கையில் கூடும் இரைச்சல்

கடந்த வருடம் நான் இரவில் படிக்க உட்காரும்போதெல்லாம் எனக்கும் உம்மாவுக்கும் ஒரு சண்டை வரும். காரணம் வானொலி. உம்மா படுக்கையருகே அதை மெல்லிய சத்தத்தில் போட்டுவிடுவார். நிலையம் பிடிக்காமல் வெறும் 'ஸ்ஸ்' என்று இரைந்தாலும் நிறுத்தமாட்டார். ஒருநாள், "எனக்கு உயர்தரப் பரீட்சை இருக்கிறது என்ற எண்ணமே இல்லையா?" என்று கேட்டு, எழுந்துபோய் அணைத்துவிட்டேன். உம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சுபஹ் தொழுகைக்குப் பிறகுதான் சொன்னார்: "காதுக்குள்ள ஒரு சத்தம் மகள், வண்டு கத்துற மாதிரி. ரேடியோ போட்டாத்தான் தூக்கம் வருது." அது தொடங்கி அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

உயிரியல் படிக்கும் நான் ஒரே வீட்டில் இருந்தும் அதை அறியவில்லை. அதன்பின் வாசித்தும் வைத்தியரிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றை, நம் வீடுகளுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

காதிரைச்சல் என்றால் என்ன?

வெளியில் ஒலி எதுவும் இல்லாதபோதும் காதிலோ தலையிலோ கேட்கும் ஒலியே காதிரைச்சல். இது தனியொரு நோயல்ல, ஓர் அறிகுறி. முதுமை, பேரொலி, காதில் அடைத்த குறும்பி, சில மருந்துகள் எனப் பல காரணங்களால் வரலாம். பெரும்பாலும் உட்காதின் நத்தைச்சுருளிலுள்ள மயிர்க்கலங்கள் பழுதடைவதோடு தொடர்புடையது. ஆனால் சிலருக்கு இரைச்சலைத் தூண்டுவது கழுத்தும் தாடையுமே. இதை உடலுணர்வுக் காதிரைச்சல் எனலாம்.

கழுத்துக்கும் காதுக்கும் என்ன உறவு?

காதிலிருந்து புறப்படும் கேட்டல் நரம்பு முதலில் சென்று சேருமிடம், மூளைத்தண்டிலுள்ள நத்தைச்சுருட் கரு. அங்கே காதின் செய்தி மட்டும் வருவதில்லை. முகத்திலும் தாடையிலும் இருந்து முக்கிளை நரம்பு வழியாகவும், மேற்கழுத்துத் தசைகளிலிருந்து கழுத்து நரம்புகள் வழியாகவும் செய்திகள் வந்து சேர்கின்றன. கழுத்துத் தசை நெடுநாள் இறுகிக்கிடந்தால், அங்கிருந்து வரும் செய்தி அந்தக் கருவின் கலங்களைத் தூண்டிவிடக்கூடும். மூளை அதை ஒலியாகவே புரிந்துகொள்கிறது. பொஸ்டனைச் சேர்ந்த வைத்தியர் ரொபர்ட் லெவின் 1999இல் இக்கருத்தை முன்வைத்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சூசன் ஷோர் விலங்குகளிலும், பின்னர் மனிதரிலும் இத்தொடர்பை ஆராய்ந்தார்.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

முதலில் நாங்கள் பார்த்த வைத்தியர், "இந்த வயதில் வரும், பழகிக்கொள்ளுங்கள்" என்று விற்றமின் எழுதிக்கொடுத்தார். உம்மாவுக்கு அப்போது 43 வயது. பின்னர் கந்தப்பளையிலிருந்து பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனோம். அங்கே பார்த்த வைத்தியர் காதினுள் பார்த்தார், கேள்திறன் பரிசோதனை செய்வித்தார். இரண்டும் சரியாக இருந்தன. பிறகு, "தலையைத் திருப்பினால் சத்தம் மாறுமா?" என்று கேட்டார்.

உம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தொழுது முடிச்சு ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினா கூடுது. இடப்பக்கம் திரும்பினா குறையுது." தொழுகையைக் கெடுக்க வரும் ஊசாட்டம் என்று நினைத்து அதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஐந்து வேளையும் அவர் தம்மையறியாமலே ஒரு பரிசோதனை செய்துகொண்டிருந்தார்!

ஆனாலும் அந்த ஓர் அடையாளம் மட்டும் போதாது. காதிரைச்சல் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வரை தலையையோ தாடையையோ அசைத்து அதை மாற்ற முடிகிறது என ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே வேறு கேள்விகளும் தேவை. கழுத்து வலியும் இரைச்சலும் ஒன்றாகத் தொடங்கினவா? ஒன்றாகக் கூடுகின்றனவா? குனிந்தே இருக்கும்போது அதிகரிக்கிறதா? தலையிலோ கழுத்திலோ அடிபட்டதா? தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் உண்டா? 2018இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்த அளவுகோல்களில் இவை அடங்குகின்றன.

உம்மா தையல்காரி. ஜனவரி மாதம் பாடசாலைச் சீருடைகள் குவியும். மெஷினில் குனிந்தால் நள்ளிரவு வரை நிமிரமாட்டார். கழுத்து வலியும் இரைச்சலும் அந்த ஜனவரியில்தான் தொடங்கின.

சிகிச்சை

காதிரைச்சலை முற்றாக நீக்கும் மாத்திரை எதுவும் இன்றில்லை. இந்த வகைக்கு இயன்மருத்துவம் உதவலாம்: இறுகிய தசையைத் தளர்த்துதல், ஆழத்திலுள்ள கழுத்துத் தசைகளுக்குப் பயிற்சி, அமரும் முறையைத் திருத்துதல். பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப்பில் 38 பேருக்கு ஆறு வாரங்களில் 12 தடவை இச்சிகிச்சை அளித்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல குறைவு தெரிந்தது. மேலும் ஆறு வாரங்கள் கழித்து நான்கில் ஒருவருக்கே அது நிலைத்திருந்தது. ஆகவே பயிற்சியை இடையில் விட்டுவிடக்கூடாது. பல் கடிப்பவருக்குப் பல் வைத்தியர் உறை செய்து கொடுப்பார். இரவில் மெல்லிய ஒலியொன்று ஒலிக்கவிடுவதும் உதவும். உம்மாவின் வானொலி செய்தது அதைத்தான்.

எச்சரிக்கை

நாடித் துடிப்போடு சேர்ந்து 'டும் டும்' எனக் கேட்டால், அது கழுத்தைத் திருப்பும்போது மாறினாலும், இரத்தக் குழாய்களைப் பரிசோதிக்க வேண்டும். கேள்திறன் திடீரெனக் குறைந்தாலும், முகம் கோணினாலும் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். சுளுக்கெடுப்பதாகக் கழுத்தைச் சடாரெனத் திருப்ப யாரையும் விடாதீர்கள். கழுத்து நாடி கிழிந்து பக்கவாதம் வரலாம். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றவும் வேண்டாம்.

எங்கள் ஊரில் கழுத்தால் உழைப்பவர்கள் அநேகர். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறும் பெண்கள், லீக்ஸ் மூட்டையைத் தலையில் தூக்கும் ஆண்கள், தையல் மெஷினில் குனியும் உம்மாமார், கைபேசியில் குனியும் நாம். அவர்களில் ஒருவர் "காதுக்குள் சத்தம்" என்று சொன்னால், "கழுத்தும் வலிக்கிறதா?" என்று கேளுங்கள்.

வாப்பா மெஷின் மேசையின் கால்களுக்குப் பலகை வைத்து உயர்த்திக் கொடுத்தார். அரை மணிக்கொரு தடவை உம்மாவை எழுப்பும் பொறுப்பு என்னுடையது. ஐந்து மாதமாகப் பயிற்சி செய்கிறார். சத்தம் முற்றாக நிற்கவில்லை. ஆனால் சில நாட்களில் அதை மறந்தே போய்விடுவதாகச் சொல்கிறார். இப்போது இரவில் நான் படிக்க உட்காருமுன் வானொலியைப் போட்டுவிடுவது நான்தான்.