ஒதுக்கப்படும் பிள்ளைகளும் நமது பொறுப்பும்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

இந்த வாரம் நாம் பேசவிருப்பது மிம்பரில் அதிகம் பேசப்படாத விஷயம். திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் ஆகியோரைப் பற்றி நம் பிள்ளைகள் கல்லூரியிலும் செல்போனிலும் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டில்தான் பேச்சே இல்லை. அப்படியே எழுந்தால் ஒன்று சிரிப்பு, இல்லையென்றால் அடி. இந்த இரண்டையும் மார்க்கம் நமக்குக் கற்றுத் தரவில்லை.

விளங்கிய பிறகே ஹுக்மு

ஒரு விஷயத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளாமல் அதற்கு ஹுக்மு சொல்லக் கூடாது என்பது மதரஸாவின் ஆரம்பப் பாடம். நாமோ பலவகையான மனிதர்களை ஒரே மூட்டையில் கட்டி, ஒரே வசைச் சொல்லால் அழைக்கிறோம்.

நம் ஃபுகஹாக்கள் அப்படிச் செய்யவில்லை. பிறப்பிலேயே ஆணா பெண்ணா என்று உறுதி செய்ய முடியாத உடலமைப்பு உள்ளவரை அவர்கள் 'குன்ஸா' என்றார்கள். அரபுக் கல்லூரிகளில் ஓதிக் கொடுக்கப்படும் ஹிதாயாவில் இதற்கென்றே தனிப் பாடம் உண்டு. குன்ஸா தொழுகையில் எந்த வரிசையில் நிற்பார், வாரிசுரிமையில் அவர் பங்கு என்ன, அவர் ஜனாஸாவை எங்கே வைப்பது என்பது வரை எழுதி வைத்தார்கள். அவர் ஜமாஅத்தில் ஓர் அங்கம் என்று கருதியதால்தானே அவருக்கு வரிசை தேடினார்கள்!

நடையிலும் பேச்சிலும் பெண்மை கொண்ட ஆணை 'முகன்னஸ்' என்பார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இவர்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இயல்பிலேயே அப்படிப் படைக்கப்பட்டவர் மீது பழியும் இல்லை, பாவமும் இல்லை. வேண்டுமென்றே பாவனை செய்பவரையே ஹதீஸின் கண்டனம் சேரும் என்கிறார்கள்.

தன்பாலின ஈர்ப்பும் அப்படியே. லூத் (அலை) அவர்களின் சமுதாயத்தார் செய்த செயல் ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளிலும் கருத்து வேறுபாடு இல்லை. அதை மறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் ஹுக்மு செயலுக்கு உரியது. மனதில் எழுவது செயலாகவோ சொல்லாகவோ மாறாத வரை அல்லாஹ் அதைப் பிடிப்பதில்லை என்ற நபிமொழி புகாரியில் இருக்கிறது. எதையும் செய்யாத ஒரு பிள்ளையின் மனதில் இருப்பதற்காக அவனைப் பாவி என்று முத்திரை குத்தும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது?

கேலி எனும் பாவம்

ஸூரா ஹுஜுராத்தின் 11ஆம் வசனத்தில், ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகசிப்பதையும் பட்டப் பெயர் சூட்டுவதையும் அல்லாஹ் தடுக்கிறான். பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிடச் சிறந்தவராக இருக்கலாம் என்றும் எச்சரிக்கிறான். பள்ளிக்கூட வாசலில் ஒரு பையனின் நடையைப் பார்த்து 'ஒன்பது' என்று கத்துவது, சினிமாவில் திருநங்கை வந்தாலே சிரிப்பது, அவர்களைக் கிண்டல் செய்யும் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லாமே இந்தத் தடைக்குள்தான் வரும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அல்லாஹ் படைத்த உடலோடு ஓடினார். அந்த உடலைப் பற்றி நாடே பேசித் தீர்த்தது. படைப்பைப் பரிகசிப்பவர் உண்மையில் யாரைப் பரிகசிக்கிறார்?

நபி (ஸல்) அவர்கள் அழைத்த வாலிபர்

ஒரு வாலிபர் நபியவர்களிடம் வந்து, விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டார். ஸஹாபாக்கள் அதட்டினார்கள். நபியவர்களோ அவரை அருகில் வருமாறு அழைத்து, உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு அவர்மீது கை வைத்து துஆ செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் பதிவான செய்தி இது.

நபியவர்கள் ஹராமை ஹலாலாக்கவில்லை. வந்தவரை விரட்டவும் இல்லை. அதட்டல் கேட்டிருந்தால் அந்த வாலிபர் எழுந்து போயிருப்பார். போயிருந்தால் அந்த துஆ அவருக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் பிள்ளை ஒருநாள் நடுக்கத்தோடு உங்கள் முன் வந்து நின்று, வாப்பா, உம்மா, எனக்குள் இப்படி இருக்கிறது என்று சொன்னால் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் என்னவாக இருக்கும்? அதை இன்றே யோசித்து வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

பெற்றோர் செய்யும் மூன்று அநியாயங்கள்

முதலாவது, வீட்டை விட்டு விரட்டுவது. நூஹ் (அலை) அவர்களின் மகன் ஈமான் கொள்ளவே இல்லை. அப்படியிருந்தும் அலை வந்து இருவரையும் பிரிக்கும் வரை, அந்தத் தந்தை பாசத்தோடு மகனைக் கப்பலுக்கு அழைத்துக்கொண்டே இருந்தார்கள். நாம் கதவைச் சாத்துகிறோம். ரயிலில் கைதட்டிக் காசு கேட்பவர்களைக் கண்டு முகம் சுளிக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் தம் வீட்டு வாசலிலிருந்தே துரத்தப்பட்டவர்கள்! அந்தத் தெருவின் கேள்வி, மறுமையில் கதவைச் சாத்தியவரிடமும் கேட்கப்படும். ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது, கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று நிக்காஹ் முடித்து வைப்பது. உண்மையை மறைத்து, இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைக்கிறீர்கள். இது மோசடி. அவளுடைய கண்ணீருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை.

மூன்றாவது, ஜின் பிடித்துவிட்டது என்று அடிப்பதும், மாற்றிக் காட்டுகிறேன் என்பவர்களிடம் பணத்தைக் கொட்டுவதும். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய 'மாற்றும் சிகிச்சை'யைத் தடை செய்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி, தனக்கு இதில் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். நாம் மேலே பார்த்த மதரஸாப் பாடம் இதுதான்.

மஹல்லாவின் கடமை

தமிழ்நாட்டில் 2008இலேயே அரசு இவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. 2017இல் பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். பங்களாதேஷில் 2020இல் டாக்காவில் இவர்களுக்கென மதரஸா திறக்கப்பட்டது. 2024இல் மைமன்சிங்கில் மஸ்ஜிதே கட்டினார்கள். மற்ற பள்ளிகளில் இவர்களுக்கு இடமிருந்திருந்தால் தனிப் பள்ளி எதற்கு என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பள்ளிக்கு ஒருவர் தொழ வந்தால், முறைத்துப் பார்க்காமல் ஸலாம் சொல்லுங்கள். வேலை கேட்டு வந்தால் தகுதியைப் பாருங்கள். அவருடைய ரகசியம் உங்களுக்குத் தெரிந்தால் ஊருக்குச் சொல்லாதீர்கள். மாஇஸ் (ரலி) அவர்களின் விஷயத்தில் ஹஸ்ஸால் (ரலி) அவர்களிடம், உம் ஆடையால் அவரை மறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். பெற்றோரின் காதில் போட்டு ஒரு பிள்ளையைக் காட்டிக் கொடுப்பவர், நடக்கப்போகும் அடிக்கும் கூட்டாளிதான்.

இதைத் தனியாக உட்கார்ந்து படிக்கும் வாலிபரே, உங்களிடமும் ஒரு சொல். உங்கள் மனதில் இருப்பது உங்களை அல்லாஹ்விடமிருந்து துண்டித்துவிட்டது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தொழுகையை விடாதீர்கள். உங்களை அடக்கிக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் அவனிடம் வீணாகாது. வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் வாய் திறந்து பேசுங்கள். உங்கள் உயிர் அல்லாஹ்வின் அமானிதம்.

வல்ல ரஹ்மான், நம் நாவுகளைக் கேலியிலிருந்து காப்பானாக! நம் வீட்டுக் கதவுகளைப் பிள்ளைகளுக்குத் திறந்தே வைப்பானாக! நம்மையும் நம் சந்ததிகளையும் நேர்வழியில் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.