22 புள்ளி எடுத்தும் தோற்றது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறான். 19 வயதுக்குட்பட்டோருக்கான 2021 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரைக் காட்டி ஒரே புலம்பல். பிரான்சின் விக்டர் வெம்பன்யாமா 22 புள்ளி, 8 ரீபவுண்ட், 8 பிளாக் எடுத்திருக்கிறார். ஆனாலும் அமெரிக்கா 83-81 என்று ஜெயித்தது. தொடரின் சிறந்த வீரர் விருதும் அமெரிக்காவின் செட் ஹோம்கிரனுக்குப் போனது. தொடர் முழுக்கப் பார்த்தாலும் வெம்பன்யாமாவின் புள்ளிச் சராசரிதான் அதிகம். "அப்போ இந்த நம்பருக்கெல்லாம் என்ன மதிப்பு?" என்று கேட்கிறான். அவனே தன் ஆட்டங்களில் எடுத்த புள்ளிகளை ஒரு நோட்டில் கூட்டி வைத்திருக்கிறான். நான் என்ன சொல்வது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: எண்களில் தவறில்லை. புள்ளிக் கட்டத்தை முதலில் பார்ப்பதுதான் சிக்கல். பாக்ஸ் ஸ்கோரைக் கையில் எடுத்ததும் ஒரு வீரர் எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை முறை ஷாட் எடுத்தார், எத்தனை முறை பந்தை இழந்தார், எத்தனை ஃபவுல் செய்தார் என்று பாருங்கள். புள்ளி அதற்கப்புறம் வரட்டும்.

லாட்வியாவின் ரீகா நகரில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம். ஐந்தாவது ஃபவுலோடு வீரர் வெளியேற வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவில் 48 நிமிடம், ஆறு ஃபவுல். வெம்பன்யாமா ஐந்து ஃபவுலும் முடிந்து, ஆட்டம் முடியுமுன்பே வெளியேறினார். இரண்டே புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில், இறுதிக் கட்டத்தை அவர் பெஞ்சில் இருந்துதான் பார்த்தார். அதனால்தான் பிரான்ஸ் தோற்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 22, 8, 8 என்ற மூன்று எண்களை மட்டும் பார்த்தவருக்கு இந்தச் செய்தியே தெரியாமல் போகும்.

விருது விஷயத்துக்கு வருவோம். தொடர் முழுக்க ஹோம்கிரனின் சராசரி 11.9 புள்ளி, 6.1 ரீபவுண்ட், 3.3 அசிஸ்ட், 2.7 பிளாக். வெம்பன்யாமாவுடையது 14 புள்ளி, 7.4 ரீபவுண்ட், 5.7 பிளாக். எண்களை மட்டும் எடை போட்டால் பிரெஞ்சுப் பையன் பக்கமே தட்டு சாயும். ஆனால் இத்தகைய விருதுகள் பெரும்பாலும் கோப்பை வென்ற அணிக்கே போகும். ஏழடி உயர வீரர் ஒருவர் ஆட்டத்துக்கு மூன்று அசிஸ்ட் கொடுப்பதும் சாதாரணம் அல்ல.

உங்கள் மகன் பாக்ஸ் ஸ்கோரில் 'எஃபிஷியன்சி' என்ற கட்டத்தைப் பார்த்திருப்பான். கணக்கு எளிது. புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்தையும் கூட்ட வேண்டும். அதிலிருந்து தவறிய ஷாட், தவறிய பிரீ த்ரோ, டர்ன்ஓவர் (பந்தை இழத்தல்) மூன்றையும் கழிக்க வேண்டும். ஒரு கற்பனை உதாரணம் போட்டுப் பார்ப்போம். முதல் பையன் 20 ஷாட் எடுத்து 7 போடுகிறான். அதில் ஒன்று மூன்று புள்ளி ஷாட். நான்கு பிரீ த்ரோவில் மூன்று விழுகிறது. மொத்தம் 18 புள்ளி. கூடவே 4 ரீபவுண்ட், 1 அசிஸ்ட், 1 ஸ்டீல், 5 டர்ன்ஓவர். இரண்டாவது பையன் 6 ஷாட்டில் 4 போடுகிறான். அதிலும் ஒன்று மூன்று புள்ளி ஷாட். மொத்தம் 9 புள்ளிதான். ஆனால் 6 ரீபவுண்ட், 4 அசிஸ்ட், 2 ஸ்டீல், ஒரே டர்ன்ஓவர்.

முதல் பையனின் எஃபிஷியன்சி 5. இரண்டாமவனுடையது 18. முதல் பையன் தன் 18 புள்ளிக்காக அணியின் ஏறத்தாழ 27 வாய்ப்புகளைச் செலவழித்திருக்கிறான். இரண்டாமவன் 9 புள்ளியை 7 வாய்ப்பில் எடுத்துவிட்டான். (ஷாட், டர்ன்ஓவர் ஒவ்வொன்றும் ஒரு வாய்ப்பு, பிரீ த்ரோ ஒன்றுக்கு 0.44 வாய்ப்பு என்று கணக்கிடுவது வழக்கம்.) மறுநாள் ஊரில் பேசப்படுவது 18 புள்ளிதான். பயிற்சியாளர் தேடுவது இரண்டாமவனை.

இந்த எண்ணிலும் ஓட்டை உண்டு. ஃபவுலுக்கு இதில் கழித்தல் இல்லை. வெம்பன்யாமாவின் ஐந்து ஃபவுல் அவருடைய எஃபிஷியன்சியைத் தொடவே தொடாது. பிளாக் ஆன பந்து எதிரணி கைக்கே திரும்பினாலும் அதே ஒரு மதிப்புதான். எதிராளியை ஷாட்டே எடுக்கவிடாமல் மறித்து நின்றவனுக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

'பிளஸ் மைனஸ்' கட்டம் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி முன்னேறியது அல்லது பின்தங்கியது என்பதே அது. ஆனால் பலவீனமான அணியை ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தும் நாளில் பெஞ்சின் கடைசிப் பையனுக்கும் இது பெரிதாக ஏறிவிடும். ஒரு சரிபார்ப்பு சொல்கிறேன், உங்கள் மகனுக்குப் பிடிக்கும். ஒரு அணியின் எல்லா வீரர்களின் பிளஸ் மைனஸையும் கூட்டினால், வெற்றி வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்கு வர வேண்டும். 83-81 என்றால் அமெரிக்காவுக்கு +10, பிரான்சுக்கு -10. கூடுதல் நேரம் இல்லாத ஆட்டத்தில் நிமிடங்களின் கூட்டுத்தொகை 200. ரீபவுண்ட் மட்டும் உதைக்கலாம். அது பிழை இல்லை. தவறிய ஷாட் யார் கையும் படாமல் வெளியே போனால், அந்த ரீபவுண்ட் அணியின் பெயரில் ஏறும்.

என்பிஏ எண்களோடு இவற்றை ஒப்பிடவும் வேண்டாம். நிமிடம் எட்டு குறைவு என்பது ஒன்று. அசிஸ்ட் கணக்கிடும் முறையும் வேறு. சர்வதேச முறையில், பாஸ் வாங்கியவர் ஷாட் எடுக்கையில் ஃபவுல் செய்யப்பட்டு, பிரீ த்ரோவில் ஒன்றையாவது போட்டால் பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் உண்டு. என்பிஏவில் கிடையாது.

இளையோர் ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பிறந்த ஆண்டு. ரீகாவில் ஹோம்கிரனுக்கு 19 வயது, வெம்பன்யாமாவுக்கு 17. அந்த வயதில் இரண்டு வருடம் என்பது உடல் பலத்தில் பெரிய இடைவெளி. தொடரும் குறுகியது: இறுதி வரை போகும் அணிக்கு ஒன்பது நாளில் ஏழு ஆட்டம். ஏழில் ஒன்றில் 30 புள்ளி எடுத்தால், அந்த ஒரு நாளே சராசரியில் நான்குக்கு மேல் சேர்த்துவிடும்.

இதைவிடப் பெரிய பாடம் 2013-இல் பிராக் நகரில் நடந்த இதே தொடரில் இருக்கிறது. சிறந்த வீரர் அமெரிக்காவின் ஏரன் கார்டன். வெள்ளி வென்ற செர்பிய அணியில் நிகோலா யோகிச் என்றொரு பையனும் இருந்தான். தொடரின் சிறந்த ஐவரில் அவன் பெயர் இல்லை. மறு ஆண்டு என்பிஏவின் புதிய வீரர் தேர்வில் (டிராஃப்ட்) கார்டன் 4-வது இடம், யோகிச் 41-வது இடம். பிறகு யோகிச் 2021, 2022, 2024 என மூன்று முறை என்பிஏவின் சிறந்த வீரர் ஆனார். 2023-இல் டென்வர் அணி கோப்பை வென்றபோது இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள். கார்டனுக்குக் கிடைத்த விருதும் நியாயமானதுதான். அது அந்த ஒரு தொடருக்கான கணக்கு. அதை வைத்து அடுத்த பத்தாண்டைச் சொல்ல முடியாது.

எனவே நோட்டைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். அதில் கட்டங்களைக் கூட்டச் சொல்லுங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் நிமிடம், எடுத்த ஷாட், டர்ன்ஓவர், ஃபவுல். கடைசிக் கட்டம் எண் இல்லாதது: அன்று அவன் யாரைக் காத்து நின்றான், அந்தப் பையன் எத்தனை போட்டான் என்று ஒரு வரி. பத்து ஆட்டம் இப்படி எழுதியபின், எந்தக் கட்டத்தில் எண் குறைய வேண்டும் என்று அவனே பயிற்சியாளரிடம் போய்க் கேட்கட்டும்.